தகட்டுத் துண்டிலிருந்து பைப் நாற்காலி வரை: கேஸ் வெல்டிங் பழகிய குறிப்புகள்

கேஸ் வெல்டிங் பழகப் போகிறேன் என்று சொன்னால் பட்டறைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அது எதுக்குங்க இப்போ?" என்பதுதான். நியாயமான கேள்வி. கோவையில் கேட், கிரில் செய்கிற கடைகள் எல்லாம் ஆர்க்கில், அதாவது மின்பொறியால் உருக்கி ஒட்டும் வெல்டிங்கில், ஓடுகின்றன. கொஞ்சம் வசதியான இடங்களில் மிக் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) வந்துவிட்டது. இரும்பு வெட்டுவதற்கு ஆக்சிஜனோடு எல்.பி.ஜி.யைச் சேர்த்துக்கொள்கிறார்கள், செலவு குறைவு என்று. ஆனால் எல்.பி.ஜி. தீயை வைத்து இரும்பை வெட்டலாமே தவிர, உருக்கி ஒட்ட முடியாது. அதற்கு அசிட்டிலின் வாயு வேண்டும்; அதை ஆக்சிஜனோடு எரித்து, அந்தத் தீயில் உருக்கி ஒட்டுவதுதான் கேஸ் வெல்டிங். டிங்கரிங் கடைகளைத் தாண்டினால் அசிட்டிலின் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எனக்கு வேலை இருந்தது மெல்லிய தகட்டிலும் பைப்பிலும்; கால் முறிந்த பைப் நாற்காலி ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கனமுள்ள பைப்பில் ஆர்க் வைத்தால் கை பழகியவர்களுக்கே சில சமயம் ஓட்டை விழும். எனக்கு ஓட்டை மட்டும்தான் விழும். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்க்கில் எல்லாம் படபடவென்று நடந்து முடிந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன உருகியது, எப்போது உருகியது என்று புதியவனுக்குத் தெரிவதே இல்லை. கேஸ் மெதுவானது. இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வியர்த்து, உருகுவதை நிதானமாகப் பார்க்கலாம். மெதுவாக இருப்பதைத்தான் எல்லோரும் அதன் குறையாகச் சொல்கிறார்கள். பழகுகிறவனுக்கு அதுவே பெரிய வசதி.

கோவையில் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அங்கே வேலை பார்க்கிற அண்ணன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு முடித்தவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேலை இல்லாத நேரத்தில் சொல்லித் தருகிறேன் என்றார். தகடு, ராடு (ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), கேஸ் செலவு எல்லாம் என்னுடையது என்று பேச்சு. தகட்டுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் 16 கேஜ் வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்கிக்கொண்டேன். எடுக்கும்போது ஒரு விஷயத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்: பளபளவென்று சாம்பல் நிறத்தில் பூப்பூவாகக் கோலம் தெரிந்தால் அது ஜி.ஐ. தகடு, துத்தநாகம் பூசியது. சூட்டில் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பழகுவதற்குச் சாதாரண கறுப்புத் தகடே போதும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தீயே பற்றவைக்கவில்லை. சிலிண்டர் பாடம் மட்டும்.

கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன். நிரப்பி வரும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். மெரூன் நிறத்தில் இருப்பது அசிட்டிலின், பட்டறைகளில் 'டி.ஏ.' என்பார்கள். அதில் அழுத்தம் 15 கிலோ அளவில்தான் இருக்கும். குறைவாக இருக்கிறதே, சாதுவான சிலிண்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அசிட்டிலின் தனியாக அழுத்தப்பட்டால், காற்றே கலக்காவிட்டாலும் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு. அதனால் அந்த சிலிண்டருக்குள் காலி இடம் கிடையாது. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். இந்த அடைப்புப் பொருளைச் சீர்செய்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் தாலேன். அசிட்டிலினில் எரியும் கலங்கரை விளக்குகளுக்குத் தானாக இயங்கும் வாயுக் கட்டுப்படுத்தியைக் கண்டுபிடித்ததற்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார். அதே ஆண்டு அசிட்டிலின் சோதனை ஒன்றில் நடந்த வெடிப்பில் அவருக்குப் பார்வை போய்விட்டது. இந்த வாயுவை முழுக்க அறிந்தவர் என்று சொல்லத்தக்கவருக்கே அந்தக் கதி.

டி.ஏ. சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணமும் இந்த அசிட்டோன்தான். படுத்தால் வாயுவோடு சேர்ந்து அதுவும் வெளியே வரும். குட்டியானையில் படுக்கப் போட்டுக்கொண்டு வந்து, இறக்கின கையோடு ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து வாயுவை விடும் கருவி) மாட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நிறுத்திவைத்துச் சில மணி நேரமாவது விட வேண்டும். டார்ச்சுக்கு, அதாவது இரண்டு வாயுவையும் கலந்து தீயாக விடும் கைக்கருவிக்கு, போகும் அசிட்டிலின் அழுத்தம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. ரெகுலேட்டர் மீட்டரில் அதற்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும். எங்கள் வேலைக்கு 0.15 கிலோ போதும், இரண்டு வாயுவுக்கும் அதே அளவு.

ஆக்சிஜன் பக்கம் வேறு விதமான ஆபத்து. அது எரியாது, ஆனால் எதையும் ஆவேசமாக எரிய வைக்கும். எண்ணெயும் கிரீசும் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடப் போனேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சோப்புக் கட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். சட்டையில் ஒட்டிய தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதிவிட்டுக்கொள்ளும் பழக்கமும் சில பட்டறைகளில் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய துணியில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க நேரம் இருக்காது.

நட்டுகளை மாற்றி மாட்டவே முடியாது. அசிட்டிலின் பக்கம் எல்லாம் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருகுவது; நட்டின் முனைகளில் சின்ன வெட்டும் இருக்கும். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கசிந்தால் மூக்கிலும் தெரியும். பட்டறை அசிட்டிலினுக்குப் பூண்டு வாடை. தீ பின்னால் ஓடி ஹோஸுக்குள் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், பட்டறையில் ரெகுலேட்டர் பக்கம் மட்டும் இருந்தது. டார்ச் பக்கத்துக்கு ஒரு ஜோடி நானே வாங்கி மாட்டினேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தீ நாசிலுக்குள் (டார்ச்சின் முனைக்குள்) போய் உஸ்ஸென்று சீறினால், ஆக்சிஜனை முதலில் மூடி, உடனே அசிட்டிலினையும் மூட வேண்டும். அதைத் தீ இல்லாமல் வெறும் வால்வைத் திருப்பித் திருப்பிக் கைக்குப் பழக்கிவிட்டார் அண்ணன். பிறகு யோசித்துச் செய்கிற வேலை அல்ல அது.

அப்புறம்தான் தீ.

அசிட்டிலின் வால்வைக் கொஞ்சம் திறந்து ஸ்பார்க் லைட்டரைத் தட்டினால், மஞ்சளாக, புகையாக ஒரு தீ வரும். கூடவே கரி இழைகள் கிளம்பிப் பட்டறை முழுக்கப் பறந்து, சட்டைமேல் மெல்ல வந்து இறங்கும். புகை நிற்கிற வரைக்கும் வாயுவைக் கூட்ட வேண்டும். புதியவர்கள் பயந்துபோய்க் குறைத்துக்கொள்கிறார்கள், புகை இன்னும் அதிகமாகிறது. பிறகு ஆக்சிஜனை மெல்லத் திறக்க வேண்டும். மஞ்சள் மறைந்து நீலம் வருகிறது. நாசில் முனையில் ஒரு சின்ன வெள்ளைக் கூம்பு, அதைச் சுற்றி இறகு போல மங்கிய இன்னொரு கூம்பு, வெளியே நீண்ட நீலத் தீ. ஆக்சிஜன் கூடக் கூட அந்த இறகு சுருங்கிக்கொண்டே வந்து, உள்கூம்போடு கலந்து மறைகிற இடம்தான் நியூட்ரல். அதற்கு மேலும் திறந்தால் கூம்பு குட்டையாகி, கூர்மையாகி, சத்தம் மாறிச் சீறும். அது ஆக்சிஜன் மிகுந்த தீ.

நியூட்ரலில் சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனும் அசிட்டிலினும் கிட்டத்தட்ட சம அளவு. முழுதாக எரிய அசிட்டிலினுக்கு இரண்டரை மடங்கு ஆக்சிஜன் தேவை. மீதி ஒன்றரை மடங்கை வெளித்தீ சுற்றியிருக்கிற காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஷட்டரைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். உள்கூம்பு முனையில் 3,100 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடு. வெளித்தீ காற்றை அண்டவிடாமல் உருகிய இரும்பைக் காக்கிறது. அதனால்தான் இரும்புக்கு ஃபிளக்ஸ், அதாவது ஒட்டும் இடத்தைச் சுத்தமாக வைக்கும் பொடி, தேவையில்லை.

தீ சரியாக இல்லாவிட்டால் இரும்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆக்சிஜன் அதிகமானால் உருகிய இடம் நுரைத்துப் பொறி பறக்கும். அசிட்டிலின் அதிகமானால் கலங்கிக் கொதிக்கும், ஆறிய பிறகு ஒட்டு உடையும். வேலை நடுவில் ரெகுலேட்டர் மெல்ல நகர்ந்து தீ மாறிவிடுவதும் உண்டு. இறகு திரும்ப எட்டிப் பார்க்கிறதா என்று அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ராடு இல்லாமல் வெறும் தகட்டில் கோடு இழுப்பதுதான் அடுத்த பாடம். தரையில் வைத்துச் செய்யக் கூடாது; சிமென்ட் தரை சூட்டில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) இரண்டை இடைவெளி விட்டு வைத்து, மேலே தகடு. பச்சைக் கண்ணாடி, ஐந்தாம் நம்பர். பருத்திச் சட்டை, கால் நுனியை மடித்துவிடாத பேன்ட். நாசில் 3-ஆம் எண்.

உள்கூம்பின் முனை தகட்டைத் தொடாமல் இரண்டு மூன்று மி.மீ. மேலே நிற்க வேண்டும். டார்ச் அறுபது எழுபது டிகிரி சாய்வு. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சிவப்புப் பொட்டு. அது ஆரஞ்சாகி, மஞ்சளாகி, சட்டென்று மேற்பரப்பு நனைந்தது போல மின்னும். அந்த நொடியில் உருகிய இரும்பு ஒரு சின்னக் குட்டையாகக் கட்டுகிறது. அதன் விளிம்பு துடிப்பது கண்ணாடி வழியே நன்றாகத் தெரியும்.

"தீயைப் பார்க்காதீங்க தம்பி, குட்டையைப் பாருங்க" என்பது அண்ணனின் ஓயாத பல்லவி. டார்ச்சைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே வலமிருந்து இடமாக நகர்த்தினால் குட்டை கூடவே வரும். வேகமாகப் போனால் குட்டை சுருங்கிப் பின்தங்கிவிடும். தாமதித்தால் அகன்று, நடுவில் குழிந்து, கீழே விழுந்து ஓட்டை. விழுவதற்கு முன்னால் குட்டை சற்றே உள்வாங்கும். அதைக் கவனித்த உடனே தீயை ஒரு விரற்கடை தூக்கிவிட்டால் தகடு தப்பித்துவிடும். இந்த உள்வாங்கலை அடையாளம் கண்டுகொள்வதுதான் மொத்தப் பயிற்சியிலும் பெரிய பகுதி என்று எனக்குப் படுகிறது. தகட்டைத் திருப்பிப் பார்த்தால், சரியாகப் போன இடங்களில் பின்பக்கமும் மெல்லிய தடம் ஓடியிருக்கும்.

ராடு சேர்ந்ததும் எல்லாம் குழம்புகிறது. இடது கை வேறு வேலை செய்ய வேண்டும். செம்பு பூசிய 1.6 மி.மீ. இரும்புக் கம்பி, தீக்கு முன்னால் முப்பது நாற்பது டிகிரி சாய்வில். அதைத் தீயில் காட்டி உருக்கிச் சொட்டவிடக் கூடாது, குட்டைக்குள் தோய்த்து எடுக்க வேண்டும். குட்டையின் சூட்டிலேயே நுனி கரைய வேண்டும். எடுத்த பிறகும் நுனி வெளித்தீக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போனால் காற்றுப் பட்டுக் கருகும். குட்டையின் ஓரத்தில், சூடு போதாத இடத்தில் பட்டால் ராடு ஒட்டிக்கொள்ளும். இழுக்கக் கூடாது. தீயை நுனிமேல் காட்டினால் தானே விட்டுவிடும். தோய்ப்பதும் நகர்வதும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் தடத்தில் வரி வரியாகச் சுருக்கம் ஒரே சீராக விழுகிறது. அது விழுந்த அன்று அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு தகட்டை விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டும்போது புதுப் பிரச்சினை. ஒரு முனையில் ஆரம்பித்தால், குளிரும் இரும்பு சுருங்கி, மறுமுனை கத்தரிக்கோல் மூடுவது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. அதனால் முதலில் ஒரு அங்குலத்துக்கு ஒரு டேக், அதாவது பிடித்து நிற்க ஒரு பொட்டு ஒட்டு, அடித்துக்கொள்ள வேண்டும். நீளமான தகடு என்றால் தொலைவில் இருக்கும் முனையில் இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து ஆரம்பிக்கலாம். ஓரங்களை அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துருவும் பெயின்ட்டும் இல்லாமல் வெள்ளையாக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒட்டு பிடித்திருக்கிறதா என்பதற்கு அண்ணன் வைத்திருக்கும் தேர்வில் தயவுதாட்சண்யம் கிடையாது. துண்டை வைஸில் கடிக்கவைத்து, ஒட்டின் அடிப்பக்கம் விரியும்படி சுத்தியலால் மடக்குவார். அடிவரை உருகாத இடம் அப்படியே வாய் பிளக்கும். மேலே பார்க்க அழகாக இருந்த தடங்கள் பிளந்துகொண்டன. கோணல்மாணலாக இருந்த சில, தகடு இரண்டாக மடிந்தும் விடவில்லை. அதற்குப் பிறகு மேல்பக்க அழகைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நாற்காலிக்கு வருவோம். ஒரு அங்குல வட்டப் பைப், 18 கேஜ், பின்கால் குறுக்குப் பட்டையை ஒட்டி முறிந்திருந்தது. ரெக்சின் சீட்டைக் கழற்றினேன். கால் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் கழற்றினேன்; உருகிவிடும் என்பது ஒரு காரணம், பைப் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கக் கூடாது என்பது முக்கியமான காரணம். அடைபட்ட பைப்பில் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, உருகிய இரும்பை முகத்தில் ஊதிவிடும். திறப்பே இல்லாத சட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. பெயின்ட்டை ஒட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் சுரண்டி எடுத்தேன். குரோம் பூசிய நாற்காலியாக இருந்தால் அந்தப் பூச்சையும் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அதன் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல.

முறிந்த வாயை அரத்தால் நேராக்கி, உள்ளே இறுக்கமாக நுழையும் இரண்டு அங்குலப் பைப் துண்டு ஒன்றைச் செருகினேன். பலத்துக்குப் பலம், ஓட்டை விழாமல் அடியில் தாங்கவும் ஆச்சு. இரண்டு வாய்க்கும் நடுவே ஒன்றரை மி.மீ. இடைவெளி. நான்கு பக்கமும் எதிரெதிராக டேக். அப்புறம் சுற்றி வர வேண்டும். பைப்பை வைத்த இடத்தில் வைத்துக்கொண்டு டார்ச்சைச் சுற்றுவது அனுபவப்பட்டவர்கள் வேலை. எனக்கு அண்ணன் சொன்ன வழி, நாற்காலியையே திருப்பிக்கொள்வது. கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் இருக்கிற பகுதியை மட்டும் ஒட்டு, நிறுத்து, திருப்பு. குட்டை எப்போதும் உச்சியிலேயே இருக்கும், வழியாது.

தீயை உள்துண்டைப் பார்த்துக் காட்டினேன். அது இரட்டைக் கனம், சூடேற நேரம் ஆகும். வெளி விளிம்பு தானாக வந்து சேர்ந்துகொள்ளும். மூன்றாவது கால்பகுதிக்கு வரும்போது பைப் முழுக்கச் சூடேறிக் கிடந்தது. ஆரம்பத்தில் இருந்த வேகம் இப்போது செல்லாது. குட்டை அகன்று உள்வாங்கப் பார்க்கிறது, தீயைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ராடைத் தோய்ப்பதும் ஒரு வகையில் குளிர்விப்பதுதான். சூடு மிஞ்சும்போது அடிக்கடி தோய்த்தால் குட்டை அடங்குகிறது. முடிவில், ஆரம்பித்த இடத்தின்மேல் கொஞ்சம் ஏறிப்போய், குழி நிறையும் வரை ராடு கொடுத்துவிட்டுத் தீயை மெல்ல விலக்கினேன். தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலேயே ஆறட்டும். ஆறியதும் சமதரையில் வைத்தால் ஒரு கால் லேசாகத் தூக்கியது. முழங்காலை முட்டுக் கொடுத்து அழுத்தியதில் உட்கார்ந்துகொண்டது. கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு பிரைமர், பெயின்ட்.

கடைசியாகப் பித்தளை வெல்டிங். பழைய சைக்கிள் கேரியரின் தாங்குகம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. இதில் இரும்பை உருக்கவே கூடாது. சிவந்தால் போதும், பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகி, சூடான இடத்தைத் தேடி ஓடிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் பழைய கனத்த சைக்கிள்களின் ஃபிரேம் இணைப்புகளுக்குள் இருப்பதும் இந்தப் பித்தளைதான். இங்கே ஃபிளக்ஸ் கட்டாயம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரமே போதும். அப்படியே போட்டால் அதில் உள்ள நீர் கொதித்து நுரையாகப் பொங்கும். வாணலியில் பொரித்துப் பொடித்து வைத்துக்கொண்டால் அடங்கி உட்காருகிறது. ராடு நுனியைச் சூடாக்கிப் பொடியில் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும்.

தீயில் ஆக்சிஜனை ஒரு சிட்டிகை கூட்டி வைக்கச் சொன்னார் அண்ணன். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் ஆவியாகாமல் மேலே ஒரு ஆடை படர்ந்து தடுக்கிறது. அப்படியும் வெள்ளைப் புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். டார்ச்சை விலக்க வேண்டும், முகத்தையும்தான். ராடைத் தீயால் உருக்காமல், சிவந்த இரும்பில் தொட்டுப் பார்த்தேன். முதலில் உருண்டையாக நின்றது. இரும்பு இன்னும் கொஞ்சம் சிவந்ததும் உருண்டை படுத்து, இணைப்பைச் சுற்றி மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாக ஓடியது. பழகிய எல்லாவற்றிலும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது இதைத்தான். ஆறிய பிறகு மேலே கண்ணாடிச் சில்லாக இறுகிக் கிடந்த வெங்காரத்தைச் சுரண்டிக் கொஞ்ச நேரம் போராடினேன். வெந்நீரில் ஊறப்போட்டு பிரஷ் போட்டால் வந்துவிடுகிறது. அதை எடுக்காமல் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும்.